ஓயா நீரும் எழுதாப் பெயரும்

மலைவழிச் செல்வோர்க்கு நேரும் இடர்களை முன்னறிந்து தொகுத்துரைத்த நூல் தமிழில் உண்டோ என்று மாணாக்கர் வினவுவாராயின், மலைபடுகடாம் என்று தயங்காது விடையிறுக்கலாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அது, இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாத்து நன்னனைத் தலைவனாகக் கொண்டது. 583 அடிகளால் இயன்றது. பரிசில் பெற்று மீளுங் கூத்தன், வறுமையோடு எதிர்வருங் கூத்தர்க்கு நன்னன் ஊருக்கு வழி சொல்லுகின்றான். எவ்விடத்துப் பன்றிக்கு வைத்த பொறி உண்டு, எவ்விடத்துப் பாம்பு உறையும் குழி உண்டு, எவ்விடத்துப் புனங்காப்போரின் கவண்கல் பாய்ந்து வரும், எவ்விடத்து நிலம் வழுக்கும் என்று ஒன்றுவிடாது உரைக்கின்றான். உரைத்ததோடு அமையாது, கவர்வழிகளிற் பின்வருவார் மயங்காதபடி புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்றும் பணிக்கின்றான்.

அந்தப் புல்முடிச்சை வகுப்பறையிற் படிப்பது வேறு. மலையில் நின்று அதன் அருமையை உணர்வது வேறு. பூண்டுலோயாவில் ஒரு நாள் அருவி காணச் சென்றபொழுது எனக்கு அவ்வுணர்வு வாய்த்தது. அந்நாளின் இடர்கள் நகைப்புக்கு உரியவை. அவற்றினூடே அறிந்துகொண்ட செய்தியோ நகைப்புக்கு உரியதன்று. ஆதலின் இரண்டையும் ஒருங்கே ஈண்டு எழுதலாயினேன்.

பெயர் பல சுமந்த மலை

பூண்டுலோயா, நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலைக்கு வடக்கே தேயிலை மலைகளின் நடுவே அமைந்த சிறு நகரம். அதன் அருகே பாயும் ஆறும் அப்பெயரினதே. அவ்வாறு கொத்மலை ஓயாவிற் கலந்து, அதன்வழி மகாவலியைச் சேருகின்றது. 'ஓயா' என்பது சிங்களத்திற் சிற்றாறு எனப் பொருள்படும். தமிழ்ச் செவிக்கோ அது ஓய்தல் இல்லாதது எனப் பொருள் தந்து நிற்கும். ஒலியொப்புமை ஒன்றே கொண்டு இரண்டிற்கும் ஒரு வேர் கற்பித்தல் அறிவுடைமையன்று. ஆயினும், இரவும் பகலும் விழுந்துகொண்டேயிருக்கும் நீருக்கு அவ்விரு பொருளும் பொருந்தி நிற்றல் கேட்போர்க்கு இன்பந் தருவதே.

நகரினின்று மலையேறிச் செல்லும் வீதியில் டன்சினன் தோட்டம் உண்டு. தோட்டத்தின் பெயரே அங்கு வீழும் அருவிக்கும் பெயராயிற்று. டன்சினன் என்பது ஸ்கொட்லாந்து நாட்டுக் குன்று ஒன்றின் பெயர். சேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைப் பயின்றோர் அதனை மறவார். பேர்ணம் காடு பெயர்ந்து டன்சினன் குன்றுக்கு வருங்காறும் தனக்கு அழிவில்லை என்னும் மாய உரையை நம்பி மன்னன் செருக்குற்றிருந்தான். பகைவர் படையோ அக்காட்டின் கிளைகளை ஒடித்து ஏந்திக்கொண்டு குன்றை நோக்கி வந்தது. காடே நடந்து வந்தாற் போலாயிற்று; மன்னன் மாண்டான்.

அந்த டன்சினனுக்குக் காடு வந்தது. இந்த டன்சினனிலிருந்து காடு போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கோப்பி பயிரிடும் பொருட்டு மலைநாட்டுக் காடுகளை வெட்டி வீழ்த்தினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தொழித்தது. அதன்பின் அம்மலைகளைத் தேயிலை மூடியது. காட்டை வெட்டியவரும், கோப்பி நட்டவரும், தேயிலை நட்டவரும் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளினின்றும் வந்த எளிய மக்கள். துரைமார் தத்தம் நாட்டு நினைவாற் பெயர்களைச் சூட்டினர். அப்பெயர்கள் நிலப்படத்தில் ஏறின. சிங்கள மக்கள் ஆற்றுக்கு இட்ட பெயரும் நிலப்படத்தில் ஏறியது. உழைத்த தமிழர் அம்மலைக்குப் பெயரே இடவில்லையா? இட்டனர். அவற்றை ஏட்டில் எழுதுவார்தாம் இலர்.

இடர்மேல் இடர்

2024ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், தமிழகத்திலிருந்து முதுகிற் பை சுமந்து இலங்கை காண வந்த இளைஞர் ஒருவரோடு இவ்வருவியைக் காணச் சென்றேன். அவர் என் நண்பரின் மைந்தர், பொறியியல் பயின்றவர். கைப்பேசியில் நிலப்படம் இருக்கையில் வழிகேட்டல் எதற்கு என்னும் கொள்கையினர். "எல்லாம் இதில் இருக்கிறது, ஐயா" என்று அவர் காலையிற் சொன்ன சொல்லை மாலைவரை யான் அவருக்கு நினைவூட்டவில்லை.

ஹட்டன் நிலையத்திற் காலைப் புகையிரதத்திற்குக் காத்திருந்தோம். அது ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தது. கொட்டகலையைக் கடந்ததும் டெவன், சென்கிளயர் என்னும் இரண்டு அருவிகளும் தெரியும் என இளைஞரிடம் கூறினேன். மழை பெய்தமையாற் சாளரங்கள் யாவும் அடைக்கப்பட்டிருந்தன. அவர் கண்டது தம் மூச்சுப் படிந்த கண்ணாடியை மட்டுமே. சென்கிளயர் அருவியின் நீரை, 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் பெரும்பாலும் சுரங்கவழி கொண்டுசெல்கின்றது. முதலில் வகுத்த திட்டத்திற் பூண்டுலோயா முதலிய கிளையாறுகளையும் திருப்பக் கருதியிருந்தனர். இயற்கை ஆர்வலரின் எதிர்ப்பினால் அப்பகுதி கைவிடப்பட்டது. ஆகவே யாம் காணச் சென்ற அருவி, ஒருமுறை அழிவின் வாயினின்று மீண்டது என்க.

தலவாக்கலையில் இறங்கியபொழுது பூண்டுலோயா செல்லும் பேருந்து புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்ததில் நின்றவாறே சென்றோம். மடக்கும்புர என்னும் தோட்டத்தை அண்மியபொழுது, "இதுதான் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்த இடம்" என்று இளைஞர்க்குக் காட்ட முயன்றேன். அவர் பார்வைக்கும் மலைக்கும் நடுவே ஓர் அரிசி மூட்டையும் இரண்டு குடைகளும் இருந்தன.

பூண்டுலோயாவில் வேறொரு பேருந்து மாறி ஏறினோம். சிறிது தொலைவு சென்றதும் வீதியின் மேற்கரை சரிந்து மண் குவிந்து கிடந்தது. ஓட்டுநர் வண்டியைத் திருப்பலானார். உடன் வந்த தோட்டத்து மக்கள் ஒரு சொல்லும் சொல்லாது இறங்கினர். மூட்டைகளைத் தலையில் ஏற்றிக் குறுக்குப் பாதையில் நடக்கத் தொடங்கினர். யாமும் அவர்பின் நடந்தோம். சேற்றில் இளைஞரது சப்பாத்தின் அடித்தோல் பிளந்து நாவைப்போல் தொங்கியது. அதனைக் கட்டக் குனிந்தபொழுது முதுகுப்பையின் வார் அறுந்தது. பை கவிழ்ந்து, நண்பகல் உணவுக்கென வாங்கிய சோற்றுப் பொட்டலங்கள் இரண்டும் தேயிலைச் செடிகளின் இடையே உருண்டு பள்ளத்தில் மறைந்தன. பசியை மறக்க வேறொன்று வந்தது: அட்டை. கணுக்காலிலும் முழங்காலிலும் எண்ணுதற்கியலாதபடி அவை ஏறின. அருகில் கொழுந்து கொய்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி சிரித்தவாறே, "பிச்சு இழுக்காதீங்க தம்பி, சவர்க்காரத்தக் கொழைச்சுப் பூசுங்க" என்று சொல்லித் தம் மடியிலிருந்த ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

மேற்கணக்கும் கீழ்க்கணக்கும்

அவர் தலையில் மழைக்குக் கொங்காணியும், இடையிற் படங்கும், முதுகிற் கூடையும் அணிந்திருந்தார். அருவிக்கு வழி வினவினேன். 'அருவி' என்றதும் அவர் சற்றே தயங்கி, "தண்ணி விழுற எடமா ஐயா?" என்று கேட்டுத் தெளிந்துகொண்டு வழி சொன்னார்:

"மேக்கணக்குக் கோயிலத் தாண்டிப் போங்க. பெரட்டுக்களத்துக்குப் பணிய ஒரு பாத எறங்கும். அதுல போனா பழைய லயத்துப் பீலி வரும். கொய்யாமரத்து முடக்குல திரும்புனீங்கன்னா சத்தம் கேக்கும், சத்தத்தோடயே போயிரலாம்."

இளைஞர் கைப்பேசியை நோக்கினார். அதில் டன்சினன் என்னும் ஒரு பெயரும் நீலக்கோடு ஒன்றும் இருந்தன. மேக்கணக்கு இல்லை; பெரட்டுக்களம் இல்லை; பீலியும் இல்லை. சிறிது நேரத்தில் அந்த நீலக்கோடும் மறைந்தது; அலைத்தொடர்பு அற்றுப்போயிற்று.

யானோ 'மேக்கணக்கு' என்னும் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் பதினெண்மேற்கணக்கு. திருக்குறளும் நாலடியாரும் உள்ளிட்டவை பதினெண்கீழ்க்கணக்கு. இவை புலவர்க்கும் பள்ளிகளுக்கும் உரிய சொற்கள் என்றே நாம் எண்ணியிருக்கின்றோம். தோட்டத்து மக்களோ தோட்டத்தின் பிரிவுகளை மேற்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு என்றே வழங்குகின்றனர். பிரிவுதோறும் ஆட்கணக்கு வேறாக வைக்கப்பட்டமையால் இப்பெயர் எழுந்தது போலும். தேயிலை நட்ட ஒவ்வொரு நிலப்பகுதியும் அவர்க்கு 'மலை'. ஐந்தாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என எண்ணிட்டு வழங்குவர். பணிதல் என்னும் வினை ஏட்டுத்தமிழிற் பெரும்பாலும் வணங்குதலையே குறித்து நிற்க, தாழ்ந்த இடம் என்னும் பழம்பொருளை அவர் 'பணிய' என்னும் சொல்லில் இன்றும் ஆளுகின்றனர். நீர் கொணர்ந்து ஒழுகவிடும் தூம்பு அவர்க்குப் பீலி. ஒரு மூதாட்டியின் வழிகாட்டலில் எத்துணைச் சொற்செல்வம்!

பீலி வரையில் இடர்ப்படாது சென்றோம். அங்கே மூடுபனி இறங்கியது. இரண்டு பாதைகள் பிரிந்தன. கொய்யாமரம் எது, வேறு மரம் எது என்று தெரியாதபடி யாவும் வெண்மையாயின. கீழே பள்ளம். அடியெடுத்து வைக்க அஞ்சி அங்கேயே நின்றோம். புல்முடிச்சு ஒன்று கண்ணிற் படாதா என்று யான் தரையை நோக்கியது உண்மை.

அரைமணி கழிந்தபின், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் விறகுச் சுமையோடு வந்தான். "எங்க போறீங்க சேர்?" என்று கேட்டான். விறகை இறக்கி வைத்துவிட்டு முன்னே நடந்தான். பனியினுள் அவனுக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் திருப்பத்துக்கும் அவனிடம் ஒரு பெயர் இருந்தது. தான் பிறப்பதற்கு எத்துணையோ ஆண்டுகளுக்கு முன்னரே இந்தியாவுக்குப் போய்விட்ட ஒருவரின் பெயரால் ஒரு முடக்கைச் சொன்னான். அவர் யார் என்று கேட்டேன், அவனுக்குத் தெரியாது. பெயர் மட்டும் அங்கே நின்றிருந்தது.

அருவி

காண்பதற்கு முன்னரே கேட்டோம். முதலில் மழை வலுப்பது போன்ற ஓசை. பின்னர்த் தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சல் போன்ற ஓசை. பின்னர் வேறெவ்வோசையும் புகவொண்ணாத பேரொலி. மலையை யானையாகவும் மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கொண்டு மலைபடுகடாம் என்று பெயர் அமைந்ததன் பொருத்தத்தை அங்கே நின்றோர் அறிவர். எங்கள் முகத்தில் நீர்த்துளி தெறித்தது. கண்ணெதிரே வெண்பனி அன்றி ஒன்றுமில்லை. இத்துணை இடர்ப்பட்டு வந்தும் காணாதே மீள்வதோ என்று இளைஞர் முகம் வாடினார். "கொஞ்சம் இருங்க, காத்து அடிக்கும்" என்றான் சிறுவன்.

காற்று அடித்தது. மேலிருந்து திரை விலக்கினாற்போலப் பனி கிழிந்தது. முதலிற் பாறையின் கருமுகடு, அதன்மேல் மரங்கள், அவற்றிடையிலிருந்து பாய்ந்து, பாறையில் அடிபட்டுச் சிதறி, மீண்டுங் கூடி, அடியிலுள்ள கற்களிடையே வெண்புகையாய் எழும் நீர். மழைக்காலமாதலின் வெள்ளம் பெருகியிருந்தது. நீரின் வேகத்தினால் எழுந்த காற்று எங்கள் குடையைப் பின்னோக்கி மடித்தது. கம்பி இரண்டு முறிந்தன. அதனைப் பொருட்படுத்துவார் இலர். இளைஞர் படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார்; அது நனைந்து அணைந்திருந்தது. ஆகவே வெறுங்கண்ணாற் பார்த்தார். நாலைந்து நிமிடம் இருக்கும். பனி மறுபடியும் மூடியது. நாள் முழுவதும் பட்ட பாட்டுக்கு அந்த நிமிடங்கள் போதும் என்றே தோன்றியது.

விலாசம் என்னும் செல்வம்

மீண்டபொழுது வீதிக்குப் பேருந்து இல்லை. கொழுந்து மூட்டை ஏற்றும் லொறி ஒன்று வந்தது. அதில் எங்களையும், பணி முடிந்த பெண்கள் சிலரையும் ஏற்றிக்கொண்டனர். சவர்க்காரந் தந்த மூதாட்டியும் அதிலிருந்தார். அவர் இருப்பது வேறொரு தோட்டம். அதன் பெயர் ஈண்டு வேண்டா. எழுபதுகளில் தம் தமையன் குடும்பம் ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போய் நீலகிரியிற் குடியேறியதைச் சொன்னார். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனத் தலையெண்ணிப் பங்கிட்டதை ஆசிரியர் அறிவர். அதன் பொருளை அந்த லொறியில் அறிந்தேன்.

"இப்பொழுதும் கடிதம் வருவதுண்டோ, அம்மா?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு என்னாங்க ஐயா வெலாசம்? தோட்டத்துப் பேருதான். அது வந்து, யாரு கையிலயோ இருந்து, எப்பவோ ஒரு நாள் வந்து சேரும். பேத்திக்கு வேலைக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் காயிதம் வந்துச்சு. அத நாங்க பாக்கறப்ப அந்த நாள் போயிருச்சு" என்றார். அவர் குரலிற் சினம் இல்லை. பழகிப்போன செய்தியைச் சொல்லுங் குரல்.

மலைநாட்டு லயன் வாழ்வின் பழங்குறைகளுள் இது ஒன்று. வரிசையாகக் கட்டிய காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாமையால், அங்கு வாழ்வார்க்கு வருங் கடிதங்கள் தோட்டத்தின் பெயராலேயே வருகின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வுரிமை வந்தது. 2018இல் டன்சினன் தோட்டத்திலேயே இந்திய உதவியுடன் 404 தனிவீடுகள் கட்டி வழங்கப்பட்டன. இவை நற்பேறுகளே. எனினும், இன்னும் லயங்களில் வாழ்வோர் பலர். ஒருநாள் வழி தெரியாது பனியில் நின்றமைக்கே யாம் அத்துணை வருந்தினோம். பிறர் தம்மைத் தேடிவர எழுதப்பட்ட வழியே இல்லாது தலைமுறை தலைமுறையாக வாழ்தல் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மலைநாட்டைச் சிதைத்தபொழுது நுவரெலியா மாவட்டமும் மண்சரிவுகளாற் பெருந்துயர் உற்றது. அத்தகைய நாளில் எந்தக் கணக்கு, எந்த லயம், எந்தப் பீலிக்கரை என்று உதவிக்கு வருவார் அறிந்துகொள்ளல் உயிர்காக்குஞ் செயலாகும். ஒரு மலை சரிந்தால், அதன்மேல் இருந்த பெயரும் உடன் சரியும்.

நாம் செய்யத்தக்கது

பூண்டுலோயாவின் பெயர் உலக அறிவியல் நூல்களில் நெடுநாட்களாகவே உண்டு. எட்வர்ட் ஏர்னெஸ்ட் கிறீன் என்னும் தோட்டத்துரை அங்கிருந்து, செடிகளைப் பற்றியிருக்கும் செதிற்பூச்சிகளை ஆராய்ந்து, 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக நூல் வெளியிட்டார். அதனாற் பல பூச்சிகளுக்கு முதன்முதற் கண்டறியப்பட்ட இடமாகப் பூண்டுலோயா பதிவாகியுள்ளது. கடுகளவு பூச்சிக்கும் பெயரும் ஊரும் எழுதிவைத்த அவரது உழைப்பு போற்றத்தக்கது. அப்பூச்சி இருந்த செடியைக் காத்து வளர்த்தவர் வாழ்ந்த லயத்தின் பெயரை எழுதும் உழைப்பு நம்முடையதாதல் வேண்டும்.

இதற்கு முன்மாதிரியும் அவ்வூரின் அயலிலேயே உண்டு. 1914இல் மடக்கும்புரவிற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். அவர் 1984இல் மறைந்தார். அவர் திரட்டாதிருந்தால் அப்பாடல்களைப் பாடியவரோடு அவையும் மாய்ந்திருக்கும். பாட்டுக்கு அவர் செய்ததை இடப்பெயர்க்கு நாம் செய்யலாம்.

இது பெரும்பொருள் வேண்டும் பணியன்று. மலைநாட்டுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஆறாம் வகுப்பு மாணவர்க்கு ஓர் ஏடு தருக. தன் பாட்டியிடமும் பாட்டனிடமும் கேட்டு, தன் லயத்தின் பெயர், அருகிலுள்ள மலை, பாறை, பீலி, கோயில், பாதை, முடக்கு ஆகியவற்றின் பெயர்களையும், அப்பெயர் வந்த கதையையும் மாணவன் எழுதுக. 'மேக்கணக்கு' என்று பாட்டி சொன்னால் அவ்வாறே எழுதுக, திருத்துதல் வேண்டா. ஆசிரியர் அவற்றை ஒழுங்குசெய்து, கைவரைப் படம் ஒன்று சேர்த்து, ஒரு படியைப் பள்ளி நூலகத்திலும் மற்றொரு படியைப் பிரதேச சபைக்கும் அளிக்கலாம். அஞ்சல்துறை முகவரி வகுக்கும் நாளில் அவ்வேடுகள் சான்றாகும். இலக்கிய வட்டங்கள் அவற்றுட் சிறந்தவற்றை அச்சிடலாம். ஒருமுறை இந்தியா சென்ற உறவினர்க்குக் காட்டினால், நீலகிரியிலிருந்தும் மறந்த பெயர்கள் சில வந்து சேரக்கூடும்.

கவர்வழியிற் புல்லை முடிந்து செல்லுங்கள் என்று கூத்தன் சொன்னது, தமக்கு முன்பின் அறியாதாரும் அவ்வழி வருவர் என்பதை எண்ணியே. எழுதிவைக்கும் ஒவ்வொரு பெயரும் அத்தகைய முடிச்சு. அருவி காண வருவார்க்கு அது வழிகாட்டும். அங்கேயே வாழ்வார்க்கு ஒரு கடிதம் உரிய நாளிற் கைசேரவும் உதவும்.